முதல்ல கேக்கிற கேள்வி

– அதை அப்படித் திருகாதம்மா! ஸ்குரூ தலை போயிடும்.

– ஐயோ மாமா! எப்ப வந்தீங்க? சத்தம் காட்டாம பின்னாடி வந்து நின்னா...

– சத்தம் காட்டணும்னா பெல் அடிக்கணும். பெல்லைத்தான் நீ கழட்டிக் கையில வெச்சிருக்கியே.

– வந்ததும் வராததுமா ஆரம்பிச்சாச்சா? உள்ள வாங்க.

– வேண்டாம்மா. நான் இப்படி வாசல்லயே நிக்கறேன். பழக்கம்தானே.

– மாமா...

– சரி, சரி. சும்மா சொன்னேன். என் டூல்ஸ் பெட்டி எங்க?

– கட்டிலுக்குக் கீழே. நீங்க வெச்ச இடத்துலயேதான் இருக்கு. உங்க பிள்ளை நகர்த்திப் பார்த்தார், இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டார்.

– வண்டியை எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்கே?

– அஞ்சுக்கு.

– மணி இப்ப?

– நாலு அஞ்சு. உங்க தங்கச்சி வீடு எங்கயும் ஓடிப் போயிடாது. மூணு வாரம் கழிச்சு வந்திருக்கீங்க, ஒரு நிமிஷம் நில்லுங்க.

– மூணு வாரம் நாலு நாள்.

– எண்ணிட்டுத்தான் இருக்கீங்க.

– வேற வேலை? ...ஆமா, நீ என்ன இந்த நேரத்துல வாசல்ல? காதுல ஹெட்செட்டைக் காணோம்?

– லீவு போட்டேன்.

– நீயா? காய்ச்சல்லகூட லீவு போட மாட்டியே!

– இந்தச் சனியனை மாட்டணும்னுதான். வீடியோ பெல். வாசல்ல யார் வந்து அழுத்தினாலும் என் போன்ல முகம் தெரியும், போன் அதிரும். ஹெட்செட் மாட்டியிருந்தாலும் தெரிஞ்சிடும். இனிமே யாரும் என் வாசல்ல நாப்பது நிமிஷம் நிக்க வேண்டாம். யாரும்னு பொதுவாச் சொன்னேன் மாமா.

– நானும் பொதுவாத்தான் கேட்டுக்கிட்டேன்.

– இனிமே இந்தப் பெட்டியெல்லாம் தூக்கிக்கிட்டு அலைய வேண்டாம்னுதான் வாங்கினேன். பத்து நாளாச்சு. செட் ஆகவே மாட்டேங்குது.

– அவன் பாக்கலையா?

– உங்க பிள்ளையா? அவர் ஒரு பல்பு மாட்டினா தெருவே இருட்டாயிடும்.

– எனக்குப் பொறந்துட்டு...

– அதை நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா மருமக வாய்க்கொழுப்புன்னு ஆயிடும்.

– அதான் சொல்லிட்டியே. சரி, அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டியா?

– அங்க போன் எடுக்கறவளும் என்னை மாதிரிதானே மாமா, பேப்பரைப் பார்த்துப் படிப்பா. நான் வாஷிங் மெஷின் புகாருக்குப் படிக்கறேன், அவ பெல் புகாருக்குப் படிப்பா.

– எப்படிப் படிப்பே? சொல்லு, கேப்போம். ஏழு வருஷமா உன் ரூம் கதவுக்கு வெளியேதான் கேட்டிருக்கேன்.

– ‘வணக்கம். தங்கள் அழைப்புக்கு நன்றி. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மனமார வருந்துகிறோம்.’

– நிஜமா வருந்துவியா?

– ஒரு நாளைக்கு அறுபது தடவை.

– அடேங்கப்பா. அப்புறம்? முதல்ல என்ன கேப்பே?

– முதல்லயா... அது வந்து... மாடல் நம்பர்.

– ஓகோ.

– ஏன் மாமா?

– ஒண்ணுமில்ல. அந்த ரெண்டு ஒயரையும் மாட்டு. பழைய பெல்லோட ஒயர்தானே?

– ஆமா. இதுலயே மாட்டிக்கலாம்னு புத்தகத்துல போட்டிருக்கு. இப்படியா?

– கொக்கி மாதிரி வளைச்சு... இன்னும் கொஞ்சம்... விரலாலயே அழுத்து. ஆங். இப்ப திருகு. மெதுவா, மெதுவா.

– மாட்டியாச்சு. ஆனா பாருங்க, கண்ணே திறக்க மாட்டேங்குது. இந்த வளையத்துல நீலமா லைட் வரணுமாம்.

– அது... வைஃபை கிடைச்சாத்தான் கண்ணைத் திறக்கும்.

– அப்படியா மாமா?

– பின்ன? இந்தக் காலத்து சாமான் எல்லாம் அப்படித்தான். முதல்ல நெட், அப்புறம்தான் மத்ததெல்லாம்.

– நாப்பது வருஷம் எலெக்ட்ரீஷியனா இருந்தவங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.

– போன்ல என்ன வருது?

– ‘சாதனத்தைக் கண்டறிய முடியவில்லை.’

– காட்டு.

– கண்ணாடி போட்டிருக்கீங்களா?

– பையில இருக்கு.

– அப்ப நான் படிக்கறதைக் கேட்டுக்கோங்க. ‘பெட்டியின் மேல் உள்ள கட்டம் போட்ட குறியீட்டை மீண்டும் காட்டவும்.’

– காட்டு அதை.

– காட்டிட்டேன். ‘மீண்டும் காட்டவும்.’

– ஆடாமப் பிடி. குறுக்க விரலை வெச்சுக்கிட்டா அது எப்படிப் படிக்கும்?

– நீங்க முறைச்சிட்டே நின்னா எனக்கு எப்படிக் கை நிக்கும்?

– நான் எங்க முறைக்கறேன்? என் மூஞ்சியே அப்படித்தான்.

– ‘வைஃபையைத் தேர்ந்தெடுக்கவும்.’ ரெண்டு வைஃபை பேர் காட்டுது. ஒண்ணு வேகமானது, ஒண்ணு மெதுவானது.

– மெதுவானதைப் போடு. சுவத்தைத் தாண்டி வரணும்னா மெதுவாத்தான் வரும்.

– உங்க பிள்ளை மாதிரி.

– அவனை விடு. என்ன சொல்லுது?

– ‘சிக்னல் போதவில்லை.’

– பாத்தியா! அதான் விஷயம். அந்த வைஃபை டப்பாவைத் தூக்கிட்டு வந்து ஹால்ல வை.

– இப்ப ரூம்லேர்ந்து கழட்டி எடுத்துட்டு வரணுமா?

– போம்மா. அதுதான் கோளாறு. எனக்கு நல்லாத் தெரியும்.

– சரி... நீங்க எங்கயும் போயிடாதீங்க.

– வாசல்லதான் நிக்கறேன். எங்க போவேன்?

– ...இதோ, செருப்பு ஸ்டாண்டு மேலயே வெச்சாச்சு. இதுக்கு மேல பக்கத்துல வெக்கணும்னா இடுப்புலதான் கட்டிக்கணும்.

– வளையம்?

– இருட்டு.

– ம்... ரீசெட் பண்ணு. எல்லாத்துக்கும் ஒரு ரீசெட் இருக்குமே.

– பட்டனை விடாம பதினஞ்சு செகண்டு அழுத்தணுமாம். நீங்க எண்ணுங்க.

– அழுத்து. ஒண்ணு... ரெண்டு... மூணு...

– மாமா, அன்னைக்கு நீங்க எத்தனை தடவை அழுத்தினீங்க?

– நாலு...

– நாலு தடவையா?

– செகண்டை எண்ணறேம்மா. அஞ்சு... அன்னைக்கு எண்ணலை. அம்பது, அறுபது தடவை இருக்கும். ஆறு...

– எனக்கு ஒரு தடவைகூடக் கேக்கலை மாமா. சத்தியமா. ஒரு போன் முடிஞ்சு அடுத்த போன் வர்றதுக்கு நடுவுல ஹெட்செட்டைக் கழட்டித்தான் வெப்பேன். பெல் அடிச்சிருந்தா கேட்டிருக்கும்.

– ஏழு.

– குப்பை போட வந்து கதவைத் திறந்தா நீங்க நிக்கறீங்க. சட்டை பூரா வேர்வை. உதடெல்லாம் காஞ்சு போய். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

– எட்டு.

– நீங்க எல்லார்கிட்டயும் சொன்னீங்க, காதுல மாட்டிக்கிட்டு வேணும்னே திறக்கலைன்னு. உங்க தங்கச்சி கடைத்தெருவுல என்னைப் பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனாங்க. ஏழு வருஷத்துல நான் உங்களை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருப்பேனா?

– பேசியிருக்கே. தினமும்.

– அது விளையாட்டு. அது வேற. எண்ணுங்க மாமா.

– விட்ட இடம் மறந்து போச்சு.

– பரவாயில்ல. பதினஞ்சு தாண்டியிருக்கும். ‘சாதனத்தைக் கண்டறிய முடியவில்லை.’ மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? ஒருவேளை இந்த ஒயர்ல கரண்டே வரலையோ?

– வரும், வரும். ஏன் வராது?

– உங்க டெஸ்டரை எடுத்துட்டு வரட்டா? பெட்டிக்குள்ளதானே இருக்கு?

– வேண்டாம்! ...கயிறு போட்டுக் கட்டின பெட்டி. அதைப் போய் யார் பிரிக்கறது?

– அலமாரிக்குள்ள இருக்கிற போர்டைத் திறந்து வேணா...

– எனக்கு நாக்கு வறண்டு போச்சும்மா. ஒரு டம்ளர் தண்ணி கிடைக்குமா இந்த வீட்டுல?

– ஐயையோ, வந்ததும் கேட்டிருக்கணும். ஜில்லுன்னா, சாதாவா?

– சுட வெச்சுக் குடு. தொண்டை சரியில்ல.

– சுட வெச்சா? சரி. அஞ்சு நிமிஷம் ஆகும்.

– ஆகட்டும். ஆற அமரப் போ.

– ...மாமா! அங்க என்ன சத்தம்? அலமாரிக் கதவு கிரீச்சுங்குதே?

– செருப்பு! செருப்பைத் தேடினேன்!

– செருப்பு உங்க கால்லதானே இருக்கு?

– பழைய செருப்பு! நீ தண்ணியைப் பாரு, பொங்கிடப் போகுது!

– தண்ணி எங்கயாவது பொங்குமா? ...இந்தாங்க, பார்த்துக் குடிங்க. அட! மாமா! வளையம்! நீலமா சுத்துது!

– ம். பாத்தேன்.

– என்ன பண்ணீங்க?

– ஒயர் லூசா இருந்துச்சு. இறுக்கினேன். அவ்வளவுதான்.

– எதை வெச்சு? ஸ்குரூ டிரைவர் என் கையிலல்ல இருக்கு?

– ...நகத்தால.

– கை ராசிதான் மாமா உங்களுக்கு. நான் பத்து நாளா முட்டிக்கிட்டேன். இதோ, போன்லயும் வந்துடுச்சு. ‘இணைக்கப்பட்டது.’

– நல்லது. அப்போ நான் பெட்டியை எடுத்து வெளியே வெக்கறேன். மணி என்ன?

– அஞ்சாக இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. ஒரு தடவை சோதிச்சுப் பாத்துடலாம். நீங்க வாசல்லயே நில்லுங்க. நான் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கறேன். நூறு எண்ணிட்டு அழுத்துங்க.

– மறுபடியும் என்னை வெளியே நிக்க வெக்கறே.

– இந்தத் தடவை சொல்லிட்டுத்தானே நிக்க வெக்கறேன்.

– ஒண்ணு... ரெண்டு... தொண்ணூத்தொம்பது... நூறு. ஹலோ... ஹலோ? கேக்குதா? அழுத்திட்டேன்.

– கேக்குது மாமா. தெரியறீங்க. நெத்தி மட்டும். ரெண்டு அடி பின்னால போங்க... இப்ப மூக்கு வந்துடுச்சு. போதும், போதும், படியில விழுந்துடாதீங்க.

– எனக்கு நீ தெரியலையே?

– உங்களுக்குத் தெரிய மாட்டேன். என் குரல் மட்டும்தான் வரும்.

– அதுவும் நல்லதுதான்.

– ஏன்?

– மூஞ்சியைப் பாத்தா சொல்ல வராது.

– ...என்ன மாமா?

– ஏம்மா... அன்னைக்குப் பழைய பெல் அடிக்கவே இல்ல. அடிச்சு நீ திறக்காம இல்ல. அடிக்கவே இல்ல. அடிக்காது. நான்தான் அதை அணைச்சு வெச்சிருந்தேன். கேக்குதா?

– கேக்குது. சொல்லுங்க.

– அதுக்கு முதல் நாள் உன் சூப்பர்வைசர் போன்ல உன்னைக் குடைஞ்சான். நம்ம பெல்லு, அந்தக் குருவி கத்தற சத்தம், வாடிக்கையாளருக்குக் கேட்டுச்சாம். நீ சின்னப் பிள்ளை மாதிரி, ‘இனிமே கேக்காது சார், இனிமே கேக்காது சார்’னு சொல்லிட்டே இருந்தே. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன். அந்தக் குருவியை வாங்கிட்டு வந்து மாட்டினது நான். அதனால காலைல போர்டைத் திறந்து பெல் ஸ்விட்சை அணைச்சேன். அணைச்சிட்டுக் கடைக்குப் போனேன். கதவு தானாப் பூட்டிக்கிச்சு. சாவி உள்ள. போன் உள்ள...

– ஞாபகம்?

– அதுவும் உள்ளதான் இருந்துச்சு. நாப்பது வருஷம் அடுத்தவன் வீட்டுக்கெல்லாம் கரண்ட் குடுத்தவன், தட்டினா உன் ரூம் வரைக்கும் கேக்காதுன்னு, நானே அணைச்ச பெல்லை நாப்பது நிமிஷம் அழுத்திக்கிட்டு நின்னேன். நிக்க நிக்கக் கோபம். வெயில் ஏற ஏறக் கோபம். நீ கதவைத் திறந்தப்ப வாயில வந்ததையெல்லாம் பேசிட்டேன்.

– எப்ப ஞாபகம் வந்துது?

– தங்கச்சி வீட்டுக்குப் போன மூணாம் நாள். அங்க பெல் அடிச்சுது. எனக்கு உள்ள சுருக்குன்னுச்சு.

– அன்னைக்கே வந்திருக்கலாமே மாமா.

– எந்த மூஞ்சியோட வர்றது? அதுக்குள்ள சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் உன்னைப் பத்திச் சொல்லி முடிச்சாச்சு. ஆமாண்டா, தப்பு என்னுதுதான்னு சொல்ல வாய் வரலை. இருக்கிற பெட்டியையும் எடுத்துக்கிட்டு ஒரேயடியாப் போயிடலாம்னுதான் இன்னைக்கு வந்தேன். உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. பூராத் தப்பும் என்னுது... ஏம்மா? சத்தத்தையே காணோம்? மறுபடி செத்துப் போச்சா இது?

– இல்ல மாமா. நல்லாத்தான் இருக்கு.

– அழறியா?

– நெட்வொர்க் சரியில்ல.

– இப்பக்கூடப் பொய் சொன்னேன். நகத்தால ஒண்ணும் இறுக்கலை. நீ தண்ணிக்குப் போனப்ப போர்டைத் திறந்து ஸ்விட்சைப் போட்டேன். ஒண்ணுதான் புரியலை. அதுக்கு மேல ஒரு டேப்பு ஒட்டி எழுதியிருந்தேன். நான்தான் எல்லா ஸ்விட்சுக்கும் எழுதி ஒட்டுவேனே. அதை மட்டும் காணோம்.

– ‘ஒன்பதிலிருந்து ஐந்து வரை போடக் கூடாது. மருமகள் வேலை நேரம்.’

– ...ஏம்மா...

– அது என் ஹெட்செட்டுல ஒட்டியிருக்கு. பத்து நாளா.

– அப்போ... உனக்குத் தெரியுமா?

– எங்க பேப்பர்ல முதல் கேள்வி மாடல் நம்பர் இல்ல மாமா. ‘கரண்ட் வருகிறதா, ஸ்விட்ச் போட்டிருக்கிறதா’. அதான் முதல்ல கேக்கிற கேள்வி. பெல்லை வாங்கிட்டு வந்த அன்னைக்கே போர்டைத் திறந்துட்டேன். உங்க கையெழுத்து.

– தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லலையா? பத்து நாளா?

– சொல்லத்தான் இருந்தேன். போட்டோ எடுத்தேன். சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பணும், முதல்ல உங்க தங்கச்சிக்குன்னு இருந்தேன். அவ்வளவு கோபம். அனுப்பற பட்டன் மேல விரலை வெச்சிட்டு இன்னொரு தடவை படிச்சேன். ‘மருமகள் வேலை நேரம்.’ ...அனுப்ப முடியலை மாமா. உங்களுக்கு மறந்தே போச்சா, இல்ல தெரிஞ்சும் மறைக்கறீங்களான்னு மட்டும் தெரியணும்னு இருந்துச்சு. இன்னைக்கு நீங்க வந்ததுமே தெரிஞ்சு போச்சு.

– எப்படி?

– வெறுங்கையால ஒயரைப் பிடிச்சிட்டு நின்னேன். நான் பல்பைத் துடைச்சாலே, ‘கரண்டு, கரண்டு’ன்னு கத்தறவர் நீங்க. இன்னைக்கு ஸ்குரூ தலை போயிடும்னு கவலைப்பட்டீங்க!

– அடிப்பாவி... அப்போ வைஃபை டப்பாவைத் தூக்கிட்டு ஓடி வந்தியே?

– நீங்க எவ்வளவு தூரம்தான் போறீங்கன்னு பாத்தேன்.

– அப்போ பத்து நாளா இது செட் ஆகலைன்னு சொன்னது?

– வாங்கின அன்னைக்கே அஞ்சு நிமிஷத்துல செட் ஆயிடுச்சு. இன்னைக்குக் காலையில நான்தான் ஸ்விட்சை அணைச்சேன். லீவு போட்டது அதுக்குத்தான்.

– ‘சிக்னல் போதவில்லை’?

– அது போன் சொல்லலை, நான் சொன்னது. ஒரு நாளைக்கு அறுபது தடவை படிக்கறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

– நல்லா இருக்கும்மா நியாயம். என்னை வாசல்ல நிக்க வெச்சு வாக்குமூலம் வாங்கியிருக்கே.

– வாக்குமூலம்னதும் ஞாபகம் வருது. இது பேசறதையெல்லாம் பதிவு பண்ணும்.

– என்னது? நான் சொன்ன அத்தனையுமா?

– ஒரு வரி விடாம. நெத்தியிலேர்ந்து மூக்கு வரைக்கும். பயப்படாதீங்க, அழிச்சிடறேன்.

– இரு. அழிக்காதே.

– ஏன் மாமா?

– அனுப்பு. என் தங்கச்சிக்கு முதல்ல. அப்புறம் யார் யார்கிட்ட நான் வாயைத் திறந்தேனோ அத்தனை பேருக்கும். நானே போன் பண்ணிச் சொன்னா நடுவுல மழுப்பிடுவேன். இதுல மழுப்பலை.

– நிஜமாத்தான் சொல்றீங்களா?

– அனுப்பும்மா. வெறும் நெத்தியா வர்ற இடத்தை மட்டும் வெட்டிடு. முடி கொட்டினது பளிச்சுன்னு தெரியும்.

– வெட்டிடறேன்.

– ...ஏம்மா.

– சொல்லுங்க.

– மணி அஞ்சே கால் ஆயிருக்குமே. வண்டி இன்னும் வரக் காணோம்?

– கூப்பிட்டாத்தானே மாமா வரும்! வாசக் கதவை முழுசாச் சாத்தலை. தள்ளிட்டு உள்ள வாங்க.